கேட்காமல் காட்டிய ஊர்

பிப்ரவரி 18, காலை

லிஃப்ட்டுக்காரருக்கு,

பெட்டியைக் காணோம்னு ரிசப்ஷன்ல போய்க் கலாட்டா பண்ணாதீங்க. நான்தான் எடுத்துட்டு வந்தேன். சின்னப் பெட்டி மட்டும். பெரிய பெட்டியும் உங்க பிரஷர் மாத்திரையும் அலமாரியிலயே இருக்கு.

நான் பத்திரமா இருக்கேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் டிராம் திரும்பற முக்குல ஒரு அம்மா மாடியில ரூம் வாடகைக்கு விடறாங்க. முந்தாநாள் நாம அந்த வழியா நடந்தப்ப ஜன்னல்ல போர்டு பாத்தேன். விலாசம் கீழ எழுதியிருக்கேன், ஆனா நீங்க மேல ஏறி வர வேணாம். ஏதாவது சொல்லணும்னா எழுதி வாசல்ல இருக்கற தபால் பெட்டியில போடுங்க. நான் எழுதறதை உங்க ஹோட்டல் ரிசப்ஷன்ல குடுத்துடறேன். போன்ல பேச மாட்டேன். பேசினா நீங்க பேசிப் பேசியே என்னைக் கரைச்சுடுவீங்க. பதினோரு வருஷமா பாத்துட்டுதானே இருக்கேன்? எழுத்துல அந்த வித்தை நடக்காது. என் போன் ஊர்ல உங்க அக்காகிட்ட விட்டுட்டு வந்த நம்ம குட்டிக்கு மட்டும்தான்.

நேத்து நடந்ததை வரிசையா எழுதிப் பாக்கறேன், ஏன்னா எனக்கே இன்னும் நம்ப முடியல. நீங்க மூணு நாளா "அதுக்கு வயித்துல இடம் வெச்சுக்கோ"ன்னு சொல்லிட்டே இருந்த மீன் கடை. நெருப்புல சுட்ட முழு மீன், மேல உப்பும் எலுமிச்சையும் மட்டும். நல்லா இருந்துது, பொய் சொல்ல மாட்டேன். நான் முள்ளை எடுத்துட்டு இருக்கேன். கோட்டு போட்ட ஒரு மனுஷன் சிரிச்சுக்கிட்டே வந்து உங்க தோள்ல கை போட்டு, "இவங்கதான் உங்க மனைவியா? ஊர் பிடிச்சுதா? ஏப்ரல்ல வேலைக்குச் சேரும்போது வீடு பாக்க நானே உதவி பண்றேன்"ங்கறார். நான் உங்க மூஞ்சியப் பாத்தேன். கரண்ட் போய் நடு மாடியில நின்ன லிஃப்ட் மாதிரி இருந்துது.

அதுக்கப்புறம்தான் எனக்கு ஒவ்வொண்ணா விளங்குது. டவர் மேல ஏறினப்ப எல்லாரும் ஆத்தைப் பாத்தாங்க. நீங்க மட்டும், "அதோ பாரு ஸ்கூல், எவ்ளோ பெரிய கிரவுண்டு"ன்னு காட்டினீங்க. மியூசியத்துல இருந்து வெளிய வந்ததும், ஓவியத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, "இந்த ஊர்ல பஸ் எப்படி நேரத்துக்கு வருது பாத்தியா?"ன்னு கேட்டீங்க. தெருவோரக் கடையில வறுத்த கடல் நண்டை உடைச்சு நீங்களே சதையை எடுத்து என் தட்டுல வெச்சீங்க. இந்த மனுஷனுக்குள்ள இவ்ளோ அன்பு எங்க ஒளிஞ்சிருந்துதுன்னு நான் பூரிச்சுப் போயிட்டேன். பாத்தா, நீங்க எனக்கு ஊரை விக்கப் பாத்திருக்கீங்க. வாய்ல வெச்ச ஒவ்வொண்ணுக்குள்ளயும் தூண்டில் முள் இருந்திருக்கு.

வேலை தேடினது கூட எனக்குப் பெரிசில்ல. கல்யாணத்துக்கு அப்புறம் நாம ரெண்டு பேர் மட்டும் போற முதல் பயணம்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன். என் பல் லேப்ல வேலை செய்யற ரெண்டு பொண்ணுங்களும் கையில இருந்த பல் அச்சைக் கீழ வெச்சுட்டு வாசல் வரைக்கும் வந்து டாட்டா காட்டினாங்க. இப்ப அவங்ககிட்ட போய் என்னன்னு சொல்வேன்?

திரும்பிப் போற ஃபிளைட் இருபத்தி மூணாம் தேதி. அது வரைக்கும் இந்த ஊரை நானே பாத்துக்கறேன். ஏர்போர்ட்ல பாப்போம்.

மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம். வெறும் வயித்துல போட்டுட்டுத் தலை சுத்துதுன்னு உக்காராதீங்க.

இப்படிக்கு,
பல்லு கட்டறவ

*

பிப்ரவரி 18, மாலை

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ரிசப்ஷன் பெண் அதை இரண்டு கையாலும் நீட்டினாள். துக்கம் விசாரிக்கிற முகம். நேற்று நாம் போட்ட சத்தம் கீழே வரை கேட்டிருக்க வேண்டும்.

நான் எழுதுவது சர்வீஸ் ரிப்போர்ட் மாதிரி இருந்தால் கோபித்துக்கொள்ளாதே. இத்தனை வருஷமாக நான் எழுதியது அது ஒன்றைத்தான். என்ன கோளாறு, எப்போது ஆரம்பித்தது, யார் கவனிக்காமல் விட்டது.

என்னோடு லிஃப்ட் பயிற்சியில் இருந்த ஒல்லிப்பயலை உனக்கு நினைவிருக்கும். நம் கல்யாணத்தன்று மண்டபத்து லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு சாப்பாட்டுப் பந்தியைத் தவறவிட்டவன். அவன் இந்த ஊர்க் கம்பெனியில்தான் இருக்கிறான். போன அக்டோபரில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னான். சாப்பாட்டு இடைவேளையில், லிஃப்ட் பார்க்கப் போன ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபடி போனிலேயே அவர்கள் கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். தேர்வானேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இருபத்தியொன்றாம் தேதிக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

நம் ஊரில் நான் கவனிக்கும் மிக உயரமான கட்டடம் பதினான்கு மாடி. மற்றதெல்லாம் அடுக்ககங்கள். கதவு இடுக்கில் செருப்பு மாட்டிக்கொண்டது, பையன்கள் எல்லாப் பட்டனையும் அமுக்கிவிட்டார்கள், இவைதான் என் புகார்கள். அன்று டவர் மேல் ஏறும்போது உனக்குக் காது அடைத்தது. எனக்கு வேறொன்று தோன்றியது. அவ்வளவு வேகத்தில் போய் அந்த லிஃப்ட் நிற்கும்போது நின்றதே தெரியவில்லை. அதை யாரோ ஒருத்தன் வாராவாரம் திறந்து பார்த்து, துடைத்து, இறுக்கி வைக்கிறான். அந்த ஒருத்தனாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நாற்பத்திரண்டு வயதில் இதை ஆசை என்று உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

என் பக்கத்துக் குறை ஒன்றும் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் வேறொரு ஊரில் வேலை வந்தபோது உன்னிடம் வந்து சொன்னேன். நீ குக்கர் மூடியைக் கழுவிக்கொண்டிருந்தாய். "அதெல்லாம் சரிப்படாது" என்றாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சொல்ல வந்ததில் பாதி வாயிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் இந்த முறை முதலில் கண்ணால் பார்க்கட்டும், வாயால் ருசிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். படகில் போகும்போது சொல்வதாக இருந்தேன். அதற்குள் மீன் கடையில் அந்தக் கம்பெனி மேனேஜர் முந்திக்கொண்டார்.

இன்று மதியம் நாம் போவதாக இருந்த சூப்புக் கடைக்குத் தனியாகப் போனேன். இரண்டு பேர் சாப்பிடும் சட்டிதான் இருக்கிறதாம், சின்னது கிடையாதாம். வாங்கினேன். நூடுல்ஸ், காளான், ஏதோ கீரை. பாதி மீந்தது. பக்கத்து மேசைக் கிழவர் என்னைப் பார்த்தார், எதிர் நாற்காலியைப் பார்த்தார், பிறகு தன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டார்.

நண்டுச் சதை எடுத்துக் கொடுத்தது ஊரை விற்க இல்லை. அதை மட்டும் நம்பு.

மாத்திரை போட்டுவிட்டேன். சாப்பிட்ட பிறகுதான்.

உன்,
லிஃப்ட்டுக்காரன்

*

பிப்ரவரி 19, மாலை

லிஃப்ட்டுக்காரருக்கு,

முதல்ல ஒண்ணு. நான் டாக்டர் இல்ல, டாக்டருங்க கேக்கற பல்லை மெழுகுல செதுக்கிச் செட்டு பண்ணித் தர்றவ. அக்கம்பக்கத்துல இருக்கறவங்க வாயைத் திறந்துக்கிட்டு வந்து நிக்கறதுக்கு நீங்க வெச்ச அந்தப் பேருதான் காரணம்.

குக்கர் மூடி எனக்கும் ஞாபகம் இருக்கு. அப்பதான் லேப் ஆரம்பிச்சேன். மெஷின் வந்து இறங்கி அட்டைப் பெட்டி கூடப் பிரிக்கல. அந்த நேரம் பாத்து நீங்க வந்து ஊரை மாத்தலாமான்னு கேட்டா வேற என்ன சொல்வேன்? ஆனா திரும்பிப் பாத்திருக்கலாம். அது என் தப்பு. எழுதிக் குடுத்துட்டேன், இனிமே அதைச் சொல்லிக் காட்டக் கூடாது.

ஆசைன்னு சொல்ல வெட்கமா இருந்துதுன்னு எழுதியிருக்கீங்க. அந்த இடத்தைத் திரும்பப் படிச்சேன். அதை அன்னிக்கு டவர் மேலயே சொல்லியிருந்தீங்கன்னா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்.

சரி, நான் என்ன பாத்தேன்னு சொல்றேன். டிராம்ல ஏறிக் கடைசி ஸ்டாப் வரைக்கும் போனேன். அங்க டவரும் இல்ல மியூசியமும் இல்ல. பால்கனியில துணி காயப் போட்டிருக்காங்க, அந்தக் குளிர்லயும். ஒருத்தர் சைக்கிளைக் கவுத்துப் போட்டுப் பஞ்சர் பாத்துட்டிருந்தார். ஸ்கூல் விடற நேரம் வாசல்ல நின்னேன். அம்மாக்கள் கையில பன்னு வெச்சுக்கிட்டு நிக்கறாங்க, பிள்ளைங்க பையை அவங்க கையில திணிச்சுட்டுப் பன்னைப் பிடுங்கிட்டு ஓடுதுங்க. காய்கறிச் சந்தையில தக்காளியை அமுக்கிப் பாத்தேன், கடைக்காரம்மா திட்டினா. மொழி புரியல, திட்டு நல்லாப் புரிஞ்சுது.

மத்தியானம் நின்னுக்கிட்டே சாப்பிடற கடை ஒண்ணு. சுத்தி எல்லாம் பெயிண்ட் அடிக்கறவங்களும் பஸ் ஓட்டறவங்களும். எதுக்கும் பேர் தெரியல, பக்கத்து ஆளோட தட்டைக் காட்டினேன். பெரிய பெரிய பயறு, கிழங்கு, கொஞ்சம் இறைச்சி எல்லாம் சேத்துக் குழைய வேக வெச்சு, தொட்டுக்க மொறுமொறுன்னு ரொட்டி. நீங்க கூட்டிட்டுப் போன எந்தக் கடையிலயும் இவ்ளோ சூடா ஒண்ணும் கிடைக்கல. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சூடு. சூடுதான், வேற ஒண்ணும் நினைச்சுக்காதீங்க.

நல்லது மட்டும் சொன்னா அது உங்க வேலை ஆயிடும். அதனால இதையும் எழுதறேன். டிராம்ல என் பக்கத்து சீட் காலியா இருந்தும் ஒரு ஆள் நின்னுக்கிட்டே வந்தான். வேணும்னேவா, இல்ல அவன் பழக்கமே அப்படியான்னு தெரியல. அது வழி முழுக்க உறுத்திக்கிட்டே இருந்துது. இந்த வீட்டம்மா வெந்நீரை அளந்துதான் விடறாங்க. இந்த ஊர் வயசானவங்க பல்லெல்லாம் ஒரே வெள்ளை. எழுபது வயசு மூஞ்சியில இருபது வயசுப் பல்லு. பாக்கவே பயமா இருக்கு.

சாப்பிட்டுட்டு வேற ஒரு இடத்துக்கும் போனேன். அதைப் பத்தி இப்ப எழுதல. முதல்ல நான் யோசிக்கணும்.

குட்டி பேசினா. உங்க அக்கா அவளுக்குத் தலை வாரி விடறது ரொம்ப இறுக்கமா இருக்காம், கண்ணு சைனாக்காரி மாதிரி ஆயிடுச்சுங்கறா. அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுன்னேன். அப்பா எங்கன்னு கேட்டா, வெளிய போயிருக்கார்னேன்.

பல்லு கட்டறவ

*

பிப்ரவரி 20, மதியம்

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

(பேரை மாற்ற முடியாது. நாக்கு பழகிவிட்டது.)

இனி நீ கோபப்பட ஒன்றும் இல்லை. காலையில் கம்பெனிக்கு நேரில் போய் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று உன்னிடம் பேசிய பிறகு குட்டி என்னையும் கூப்பிட்டாள். "அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்றாள். "குளிக்கறா" என்றேன். ஒரு யோசனையும் இல்லாமல், எச்சில் விழுங்குவது போல அவ்வளவு லேசாக வந்தது அந்தப் பொய். "அம்மாகிட்ட பேசினா நீங்க வெளிய இருக்கீங்க, உங்ககிட்ட பேசினா அம்மா குளிக்கறாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே ஊர்லதானே இருக்கீங்க?" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். போனை வைத்தேன். அக்டோபரிலிருந்து உன்னிடம் சொல்லிவந்த பொய் இப்போது அவளிடமும் வந்துவிட்டதே என்று பட்டது. இப்படித் தொடங்கும் வேலை நமக்கு எதற்கு?

மேனேஜர் நல்ல மனிதர். மீன் கடையில் வாயைத் திறந்ததற்கு அவரே மன்னிப்புக் கேட்டார். "குடும்பத்தில் சம்மதம் இல்லை" என்றேன். "நன்றாக யோசித்தீர்களா?" என்றார். ஆமாம் என்றேன். கை கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் அவர்களுடைய பயிற்சிக் கூடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. லிஃப்ட் ஓடும் கிணறு மாதிரியே ஆறு மாடி உயரத்துக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள், பழகிக்கொள்வதற்காகவே. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான்.

இனி அந்தப் பேச்சு வேண்டாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு. படகுப் பயணம் பாக்கி இருக்கிறது. பாலத்துக்குக் கீழே ஐஸ்கிரீம் கடை ஒன்று பார்த்தேன், இந்தக் குளிரிலும் வரிசை நிற்கிறது. போகலாம். பள்ளிக்கூடம் எதையும் காட்ட மாட்டேன்.

உன்,
லிஃப்ட்டுக்காரன்

*

பிப்ரவரி 20, மாலை

உங்களை என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியல.

கடிதத்தைப் படிச்சுட்டுப் படியிலயே உக்காந்துட்டேன். வீட்டம்மா யாரோ செத்துட்டாங்கன்னு நினைச்சு தண்ணி கொண்டு வந்து குடுத்தாங்க. சேர்றதையும் என்னைக் கேக்காம முடிவு பண்ணினீங்க. இப்ப விடறதையும் என்னைக் கேக்காம முடிவு பண்ணிட்டு வந்து நிக்கறீங்க. அதுல "குடும்பத்தில் சம்மதம் இல்லை" வேற. எந்தக் குடும்பம்? யாரு சம்மதத்தை எப்ப கேட்டீங்க? நான் மனுஷியா, இல்ல உங்க பெரிய பெட்டியா? எடுத்துட்டுப் போறதும் வெச்சுட்டுப் போறதும் உங்க இஷ்டமா?

நேத்து ஒரு இடத்துக்குப் போனேன்னு எழுதினேனே, அதைச் சொல்றேன். நான் தங்கியிருக்கற தெருவுக்குப் பின் தெருவுல ஒரு கட்டடம். தரைக்குக் கீழ அறை, ஜன்னல் நம்ம கால் உயரத்துல இருக்கு. சும்மா நடந்து போனவ நின்னுட்டேன். ஜன்னல் வழியா ரெண்டு கை தெரிஞ்சுது. சின்ன நெருப்புல கத்தியைக் காட்டி மெழுகை வழிச்சு எடுக்கற கை. அது என்ன வேலைன்னு எனக்கு யாரும் சொல்ல வேணாம். நடுத்தெருவுல குத்த வெச்சு உக்காந்து பாத்துட்டிருந்தேன். திருடின்னு நினைச்சிருப்பாங்க. கண்ணாடியை நெத்திக்கு மேல ஏத்தி விட்ட ஒரு அம்மா மேல ஏறி வந்து என்ன வேணும்னு கேட்டாங்க. அவங்கதான் அந்த லேப்போட முதலாளி. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷும் அவங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷும் சேந்தா ஒரு ஆள் இங்கிலீஷ் வரும். போன்ல இருந்த போட்டோவைக் காட்டினேன், என் வேலை எல்லாம். உள்ள வான்னாங்க.

ஸ்டூலைக் காட்டினாங்க. மெழுகையும் கத்தியையும் என் பக்கம் தள்ளினாங்க. மேல் முன்பல் ஒண்ணு செதுக்கினேன். முதல் கீறல் கோணலா விழுந்துது, அப்புறம் கை தானா ஓடிச்சு. நீங்க, சண்டை, மீன் கடை எல்லாமே மறந்து போச்சு. அந்தம்மா அதை விளக்குக்குக் கீழ திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, மத்த பல்லுங்களோட தட்டுல வெச்சாங்க. "வேலை தேடறியா?"ன்னு கேட்டாங்க. "இல்ல"ன்னேன். பட்டுனு வந்துது. டிராம் திரும்பற முக்குல வந்து நின்னப்பதான், ஏன் இல்லன்னு சொன்னேன்னு தோணிச்சு. குக்கர் மூடி கழுவறப்ப வந்த அதே "இல்ல". யோசிக்கறதுக்கு முன்னாடி வர்ற "இல்ல".

அதை யோசிக்கத்தான் எனக்கு ஒரு ராத்திரி வேணும்னு இருந்தேன். உங்ககிட்ட மறைச்சேன், ஒத்துக்கறேன். ஆனா நீங்க ஒரே காலையில மொத்தத்தையும் துடைச்சுட்டு ஐஸ்கிரீம் சாப்பிட வாங்கறீங்க!

நாளைக்குக் காலையில ஆபீஸ் திறக்கற நேரத்துக்கு அந்தக் கம்பெனி வாசல்ல நில்லுங்க. நான் நேரா அங்க வர்றேன். ரெண்டு பேரும் உள்ள போறோம். நான் பேசறேன். வேலை இன்னும் இருக்கான்னு கேப்போம். இருந்தா, எடுக்கறதா வேணாமான்னு அப்புறம் நாம உக்காந்து பேசுவோம். அது வேற விஷயம். முதல்ல கேக்கணும்.

நீலச் சட்டை போடுங்க. கையை மடிச்சு விடாதீங்க.

*

பிப்ரவரி 21, காலை

வருகிறேன். நீலச் சட்டையில் மீன் கறை. வெள்ளை போடுகிறேன்.

*

நவம்பர் 4

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

தினமும் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும் இதை எழுதி மெயிலில் அனுப்ப வேண்டும் என்று பட்டது. போனில் நான் பேசிப் பேசிக் கரைத்துவிடுவேன் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

அந்த ஊர்ப் பல் லேப்பில் நீ வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகப் போகிறது. இங்கே வண்டி ஓடுகிறது. உன் லேப்பை அந்த இரண்டு பெண்களும் நன்றாகவே நடத்துகிறார்கள். மூத்தவள் இப்போது டாக்டர்களிடம் போனில் பேசும்போது உன் குரலில் பேசுகிறாள். குட்டி தானே பின்னிக்கொள்ளப் பழகிவிட்டாள். கோணலாகத்தான் இருக்கிறது, சொன்னால் அடிக்க வருகிறாள். அக்கா வாரம் ஒருமுறை வந்து அடுப்பங்கரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதற்கு முன் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அன்று நாம் கம்பெனிக்குள் போனபோது, அந்த இடத்தை முந்தைய நாளே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி மேனேஜர் கையை விரித்தார். நீ அவரிடம் பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டு, வெளியே வந்து வாசலில் நின்று அழுதாய். எனக்காக நீ அழுது நான் பார்த்தது அன்றுதான். அங்கிருந்தே டிராமில் என்னை அந்தத் தரைக்குக் கீழே இருக்கும் பல் லேப்புக்குக் கூட்டிப் போனாய், "நான் முந்தாநாள் இல்லன்னு சொன்னது தப்பு" என்று அந்த அம்மாளிடம் சொன்னாய். ஜூலையில் அவர்கள் உன்னை வேலைக்குக் கூப்பிட்டு எழுதியபோது, அதை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து "என்ன சொல்றீங்க?" என்றாய். போ என்றேன். மனசாரச் சொன்னேனா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதிதான் என்று சொல்லியிருப்பேன். மறு பாதி விமான நிலையத்திலிருந்து திரும்பி வரும்போதும் வந்து சேரவில்லை. குட்டிக்குக் காய்ச்சல் வந்து நீ அங்கே தூங்காமல் கிடந்து, மறுநாளும் வேலைக்குப் போனேன் என்று சொன்னாயே, அன்றுதான் வந்தது.

இப்போது விஷயம். அந்த மேனேஜர் நேற்று கூப்பிட்டார். எனக்குப் பதிலாகச் சேர்ந்தவர் குளிர் தாங்காமல் ஊருக்குப் போய்விட்டாராம். இடம் காலி. "சரி" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். "கேளுங்கள், கேளுங்கள். உங்கள் மனைவி அன்று பேசியதை நான் இன்னும் மறக்கவில்லை" என்றார். வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார்.

எனக்குப் போக ஆசை. இந்த முறை வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

நானும் குட்டியும் வரட்டுமா? வேண்டாம் என்றாலும் எழுது. கோபப்பட மாட்டேன் என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்டுக்கொள்வேன்.

உன்,
லிஃப்ட்டுக்காரன்

*

நவம்பர் 5

என்னங்க,

வேலைக்கு நடுவுல படிச்சுட்டேன். முதலாளியம்மா என் மூஞ்சியப் பாத்துட்டு, போய் ஒரு காபி குடிச்சுட்டு வான்னு அனுப்பிட்டாங்க. அந்தக் காபிக் கடையில உக்காந்துதான் எழுதறேன்.

நீங்க பாதின்னு ஒத்துக்கிட்டதால நானும் ஒண்ணை ஒத்துக்கறேன். இங்க தனியா இருக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை எழுந்திரிச்சு யாருக்கும் எதுவும் பண்ணாம, யாரும் எதையும் எங்கன்னு தேடாம, ஜன்னல் பக்கத்துல உக்காந்து தெருவைப் பாத்துக்கிட்டே இருப்பேன். பிறந்ததுல இருந்து எனக்குன்னு ஒரு ரூம் இருந்ததில்லையே. உங்க கடிதத்தைப் படிச்சதும் முதல்ல மனசுல வந்தது அதுதான், அந்த ஞாயித்துக்கிழமை போயிடுமேன்னு. அடுத்ததுதான் நீங்க, குட்டி எல்லாம். எழுதறப்பவே கஷ்டமா இருக்கு, ஆனா இதை ஒளிச்சு வெச்சுட்டு வாங்கன்னு சொன்னா அது நீங்க நடத்தின சுற்றுலா மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணும் இருக்கு. சம்பள நாள்ல மட்டும் ஏதாவது ஒரு புதுக் கடையில சாப்பிடறேன். போன தடவை ஒரு இடத்துல, அடுக்கடுக்கா மாவைத் தேச்சு நடுவுல கீரையும் பாலாடைக்கட்டியும் வெச்சுச் சுட்டுத் தந்தாங்க. ஒரு வாய் வெச்சதும் பக்கத்துல திரும்பி, "உப்பு கொஞ்சம் கம்மி இல்ல?"ன்னு கேட்டுட்டேன். தமிழ்ல. பக்கத்துல உக்காந்திருந்த ஆள் பதறிப் போய்த் தன் தட்டை நகத்திக்கிட்டான். சிரிச்சுட்டேன், அப்புறம் அதைச் சாப்பிட்டு முடிக்க முடியல.

வாங்க. மனசாரச் சொல்றேன். முழுசான்னு கேட்டா முக்கால், மீதிக் கால் நீங்க வந்து நடந்துக்கறதைப் பொறுத்தது. ஞாயித்துக்கிழமை காலையில அந்த ஜன்னல் எனக்கு. குட்டியும் நீங்களும் எங்கயாவது வெளிய போயிட்டு வாங்க. அவ்ளோதான் கேக்கறேன்.

இன்னொண்ணு, வேலைக்காக வாங்க. நாளைக்கு ஏதாவது சண்டையில "உனக்காகத்தான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்"னு ஒரு வார்த்தை வரக் கூடாது. நான் உங்களுக்காக எதையும் விடல, நீங்களும் விட வேணாம்.

வெள்ளிக்கிழமைக்குள்ள சரின்னு சொல்லிடுங்க.

பல்லு கட்டறவ

*

நவம்பர் 7

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று மாலை மேனேஜரைக் கூப்பிடப் போனை எடுத்தேன். எதிரே குட்டி தரையில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். போனைக் கீழே வைத்துவிட்டேன். நீ என்னைக் கேட்டாய், நான் உன்னைக் கேட்டேன். அவளை யார் கேட்டது?

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பென்சிலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "நான் வேணாம்னு சொன்னா போக மாட்டீங்களா?" என்றாள். மழுப்ப வாய் வந்தது. "தெரியலடா. ஆனா நீ என்ன சொல்றேன்னு கேக்காம முடிவு பண்ண மாட்டோம்" என்றேன். "யோசிச்சு சொல்றேன்" என்று உன் குரலிலேயே சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டபோது வந்தாள், சாப்பிட்டாள், போய்ப் படுத்தாள்.

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டே வந்து வாயில் நுரையோடு சொன்னாள். வருகிறாளாம். ஆனால் இந்த வகுப்பை இங்கேதான் முடிப்பாளாம். பள்ளி நாடகத்தில் அவளுக்கு மந்திரி வேஷம், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாளாம். அத்தை யாரிடமும் முந்திக்கொண்டு சொல்லக் கூடாதாம், அவளுடைய தோழிக்கு அவளே சொல்லுவாளாம்.

மேனேஜரிடம் பேசினேன். மகளின் பள்ளி வருஷம் முடிந்து மே மாதம்தான் வர முடியும் என்றேன். "போன முறை மனைவி, இந்த முறை மகளா? உங்கள் வீட்டில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்றார். இவ்வளவுதான் என்றேன். மே வரை எப்படியாவது சமாளிப்பதாகவும் அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது என்றும் சொன்னார். ஒப்புக்கொண்டேன். அது வரை ஜன்னல் முழுசாக உனக்குத்தான்.

இதைத் தோழி வீட்டுத் தெரு முனையில் நின்றுகொண்டு போனில் எழுதுகிறேன். கூடவே போகலாம் என்று வந்தேன். "நீங்க இங்கயே நில்லுங்கப்பா, நானே சொல்லிக்கறேன்" என்று என்னை நிறுத்திவிட்டுப் போனாள். போய் நேரமாகிவிட்டது. இரண்டு முறை அந்த வீடு வரை நடந்து போகப் பார்த்தேன், வேண்டாம் என்று நின்றுவிட்டேன்.

இதோ வருகிறாள். கண் சிவந்திருக்கிறது. ஆனால் தலையைத் தூக்கித்தான் நடந்து வருகிறாள். போனை உள்ளே வைக்கிறேன்.

உன்,
லிஃப்ட்டுக்காரன்